எல்லைக்கோட்டை எங்கே போடுவது? பேசிக் மொழியில் ஒப்பிட ஐந்து வழிகள்

பேசிக் என்ற கணினி நிரல் மொழியில் ஒப்பீட்டுக் குறிகள் ஆறே ஆறுதான்: =, <>, <, >, <=, >=. 1964-ல் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் இந்த மொழியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இவை பெரிதாக மாறவில்லை. ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். திண்டாட்டம் அதற்கு அப்புறம்தான். மதிப்பெண்ணைப் பார்த்துத் தரம் போட வேண்டும். தனித்தனி இஃப் எழுதுவதா, எல்ஸ்இஃப் என்று அடுக்குவதா, செலக்ட் கேஸா? பழைய நிரல்களில் ஒப்பீட்டை அடைப்புக்குறிக்குள் போட்டு எண்ணோடு பெருக்கி வைத்திருக்கிறார்களே, அது என்ன?

எல்லா வழியும் சரியான விடையைத் தரும், பெரும்பாலான நேரம். தவறுவது எல்லைக்கோட்டில் நிற்கும் எண்களிடம்தான். 80 என்பது மேலே சேருமா கீழே சேருமா? 79.5 எங்கே போகும்? என்னைக் கேட்டால், வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணம்: 80-ம் அதற்கு மேலும் ‘ஏ’, 60 முதல் 80-க்குள் ‘பி’, 40 முதல் 60-க்குள் ‘சி’, அதற்குக் கீழே தோல்வி. நிரல் வரிகளில் வரும் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் தட்டும்போது அதற்குரிய எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

## முதலில் ஒரு விஷயம்: ஒப்பீடு ஒரு எண்

கியூபேசிக்கைத் (மைக்ரோசாஃப்டின் டாஸ் காலத்துப் பேசிக்) திறந்து இதைத் தட்டிப் பாருங்கள்:

```
பிரிண்ட் 5 > 3
பிரிண்ட் 5 < 3
```

முதல் வரிக்கு -1 வரும், இரண்டாவதற்கு 0. ‘உண்மை’, ‘பொய்’ என்று எதுவும் வராது. ஒப்பீட்டுக் குறி தானாக எந்த முடிவும் எடுப்பதில்லை. கூட்டல் குறி எப்படி ஒரு எண்ணைத் தருகிறதோ, அப்படி இதுவும் ஒரு எண்ணைத் தந்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. அந்த எண் 0-வா இல்லையா என்று பார்ப்பது மட்டுமே இஃப் செய்யும் வேலை.

ஏன் -1? மைக்ரோசாஃப்ட் வழி வந்த பெரும்பாலான பேசிக்குகளில், ‘இல்லை’ என்று மறுக்கும் நாட் என்பது எண்ணின் பிட்டுகளை (0, 1 என்ற இரும இலக்கங்களை) ஒவ்வொன்றாகப் புரட்டிப்போடும். 0-வில் எல்லா பிட்டும் 0. புரட்டினால் எல்லாமே 1. எல்லா பிட்டும் 1 ஆக இருக்கும் முழு எண்ணைக் கணினி -1 என்று படிக்கிறது. ‘பொய்யின் எதிர்ப்பதம் மெய்’ என்பது கணக்கிலும் பொருந்த வேண்டும் என்றால் மெய் -1 ஆகத்தான் இருக்க முடியும். கமடோர் 64, கியூபேசிக், விஷுவல் பேசிக், பிபிசி பேசிக் எல்லாம் இந்தப் பக்கம். ஆப்பிள் II கணினியின் ஆப்பிள்சாஃப்ட், அட்டாரி, சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஆகியவற்றின் பேசிக்கில் மெய் என்றால் 1.

இது தெரியாததால் வரும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்:

```
இஃப் 40 <= மதிப்பெண் < 60 தென் தரம் = "சி"
```

கணக்கு நோட்டில் எழுதினால் சரி. பேசிக்கில் இது எல்லோருக்கும் ‘சி’ போடும். மதிப்பெண் 95 என்று வையுங்கள். இடமிருந்து வலம்: 40 <= 95 என்பது மெய், அதாவது -1. அப்புறம் -1 < 60? மெய். மதிப்பெண் 10 என்றால் முதல் பகுதி 0, 0 < 60? அதுவும் மெய். பிழைச் செய்தியும் வராது. வி.பி.டாட்நெட்டில் (விஷுவல் பேசிக்கின் பிற்கால வடிவம்), வகை மாற்றத்தில் கண்டிப்பு காட்டும் ஆப்ஷன் ஸ்ட்ரிக்ட் போட்டிருந்தால் மட்டும் கம்பைலர் தடுத்துவிடும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று, `அ = ஆ = 5`. இரண்டு மாறிக்கும் 5 கொடுப்பதாக நினைத்து எழுதுவார்கள். முதல் = குறி மதிப்பைக் கொடுக்கிறது, இரண்டாவது = ஒப்பிடுகிறது. ஆக, அ-வுக்குக் கிடைப்பது -1 அல்லது 0, ஆ அசையவே இல்லை. டார்ட்மவுத்தில் மதிப்பு கொடுக்கும் வரியெல்லாம் லெட் என்று தொடங்கியாக வேண்டும், அதனால் குழப்பம் இல்லை. பின்னால் வந்தவர்கள் லெட்டை விருப்பத்துக்கு விட்டார்கள், ஒரே குறி இரண்டு வேலை பார்க்க ஆரம்பித்தது.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் பார்ப்பவை இவை. ஒன்று, 80 என்ற எல்லை நிரலில் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது? இரண்டு இடம் என்றால், என்றாவது ஒருநாள் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறப்பீர்கள். இரண்டு, இடுக்கு விழுமா, அதாவது எந்தப் பிரிவிலும் சேராமல் ஒரு எண் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறதா? மூன்று, ஒப்பிடப்படும் கணக்கு எத்தனை முறை ஓடுகிறது? நான்கு, வேறு பேசிக்குக்குக் கொண்டுபோனால் விடை மாறுமா? படிக்க எளிதா என்பதும் உண்டு, ஆனால் அது பழக்கத்தைப் பொறுத்தது. அதற்கு நான் அதிக எடை கொடுப்பதில்லை. கீழே அட்டவணையில் வரும் டூ, இஸ் என்ற சொற்களைச் செலக்ட் கேஸ் பகுதியில் பார்ப்போம்.

| வழி | எல்லை எழுதப்படுவது | இடுக்கு | கணக்கு ஓடுவது | வேறு பேசிக்கில் |
|---|---|---|---|---|
| தனித்தனி இஃப் | இரண்டு முறை | விழும் | ஒவ்வொரு இஃபிலும் | எங்கும் ஓடும் |
| எல்ஸ்இஃப் ஏணி | ஒரு முறை | விழாது | படிக்கு ஒரு முறை | வரி எண் பேசிக்குகளில் இல்லை |
| செலக்ட் கேஸ் | டூ போட்டால் இரண்டு, இஸ் போட்டால் ஒன்று | டூ போட்டால் விழும் | ஒரே முறை | ஸ்மால் பேசிக்கில் இல்லை |
| ஒப்பீட்டைக் கூட்டுவது | ஒரு முறை | விழாது | ஒவ்வொரு ஒப்பீட்டிலும் | விடையின் குறி மாறும் |
| எல்லைப் பட்டியல் | ஒரு முறை | விழாது | சுற்றுக்கு ஒரு முறை | விஷுவல் பேசிக்கில் டேட்டா வரி இல்லை |

## தனித்தனி இஃப், நடுவில் ஆண்ட்

```
இஃப் ம >= 80 தென் தரம் = "ஏ"
இஃப் ம >= 60 ஆண்ட் ம < 80 தென் தரம் = "பி"
இஃப் ம >= 40 ஆண்ட் ம < 60 தென் தரம் = "சி"
இஃப் ம < 40 தென் தரம் = "தோல்வி"
```

எல்லோரும் முதலில் எழுதுவது இதுதான். வரிசையை எப்படி மாற்றிப் போட்டாலும் விடை மாறாது, அது ஒரு வசதி. ஆனால் எண்ணிப் பாருங்கள்: 80 இரண்டு இடத்தில், 60 இரண்டு இடத்தில், 40 இரண்டு இடத்தில். மூன்று எல்லைக்கு ஆறு இடம். ஒரே ஒரு இடத்தில் >= என்பது > ஆகிவிட்டால் சரியாக 60 வாங்கியவருக்குத் தரமே இருக்காது. அதைவிட மோசம், சுழற்சிக்குள் இருந்தால் முந்தைய மாணவரின் தரம் அந்த மாறியிலேயே தங்கி இவர் பெயருக்கு நேராக அச்சாகும்.

ஆண்ட் மட்டும் சாதுவா என்றால் அதுவும் இல்லை. பழைய பேசிக்குகளிலும், எக்செல் போன்றவற்றுக்குள் இருக்கும் வி.பி.ஏ.விலும் ஆண்டின் இரண்டு பக்கமும் கணக்கிடப்பட்டே தீரும். இடது பக்கம் பொய் என்று தெரிந்த பிறகும் வலது பக்கத்தை விடாது:

```
இஃப் இ <= 10 ஆண்ட் எண்(இ) = 0 தென் ...
```

எண்களை வரிசையாக வைத்திருக்கும், பத்து இடமுள்ள அர்ரேயில் இ 11 ஆகும்போது காவலாக இருக்க வேண்டியது இடது பக்கம். காவலாளி ‘வராதே’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலது பக்கம் எண்(11)-ஐத் தேடிப்போய் நிரல் நின்றுவிடும். வி.பி.டாட்நெட்டிலும் ஃப்ரீபேசிக்கிலும் இதற்காகவே ஆண்ட்ஆல்சோ, ஆர்எல்ஸ் இருக்கின்றன. மற்றவற்றில் ஒரு இஃபுக்குள் இன்னொரு இஃப் போடுவதுதான் வழி. அழகாக இருக்காது, ஆனால் ஓடும்.

ஆண்டும் ஆரும் பிட் பிட்டாக வேலை செய்பவை என்பதால் வரும் வேடிக்கையும் உண்டு. 5 பேனா, 2 பென்சில் இருக்கின்றன. `இஃப் பேனா ஆண்ட் பென்சில் தென்` என்று எழுதினால் பொய் என்கிறது! 5 என்பது இருமத்தில் 101, 2 என்பது 010, பொதுவான பிட் ஒன்றுகூட இல்லை, விடை 0. `பேனா > 0 ஆண்ட் பென்சில் > 0` என்று எழுதியிருந்தால் இரண்டு பக்கமும் -1 ஆகி எல்லாம் சுகம். `இஃப் ம = 40 ஆர் 50 தென்` என்பதோ எப்போதும் மெய், ஏனென்றால் ஆருக்கு வலப்பக்கம் நிற்கும் 50 தன் பாட்டுக்கு 0 அல்லாத எண்.

அப்படியானால் இந்த வழி எப்போது நல்லது? நிபந்தனைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால். வருகை 75-க்கு மேல் இருக்க வேண்டும், மதிப்பெண்ணும் 40 இருக்க வேண்டும் என்பது போல. அல்லது ஒரே நேரத்தில் பல பதில் மெய்யாகலாம் என்றால்: ஒரே மாணவருக்குப் பரிசும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. அங்கே ஏணி போட்டால் முதல் படியிலேயே நின்றுவிடும். ஒரே எண்ணைப் பல துண்டாகப் பிரிக்க மட்டும் இதை எடுக்காதீர்கள்.

## எல்ஸ்இஃப் ஏணி

```
இஃப் ம >= 80 தென்
    தரம் = "ஏ"
எல்ஸ்இஃப் ம >= 60 தென்
    தரம் = "பி"
எல்ஸ்இஃப் ம >= 40 தென்
    தரம் = "சி"
எல்ஸ்
    தரம் = "தோல்வி"
எண்ட் இஃப்
```

ஒவ்வொரு எல்லையும் ஒரே இடத்தில். மேலே சிக்காதது கீழே விழுந்தாக வேண்டும், அதனால் இடுக்கே கிடையாது. 79.5 முதல் படியில் தப்பி இரண்டாவதில் ‘பி’ வாங்கிக்கொள்ளும். நான் வழக்கமாக இங்கேதான் தொடங்குவேன்.

விலை இல்லாமல் இல்லை. வரிசைதான் இதன் உயிர். `ம >= 40` முதல் படியாக வந்துவிட்டால் 95 வாங்கியவரும் ‘சி’தான். நிரலை நடுவில் வெட்டி ஒட்டுகிறவர்கள் இதில் மாட்டுவார்கள்.

இன்னொரு விலை கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு படியிலும் ஒப்பிடப்படும் கணக்கு மறுபடி ஓடுகிறது. ம என்பது வெறும் மாறி என்றால் பாதகமில்லை. அது ஒரு ஃபங்ஷன் என்றால்? பகடை விளையாட்டு எழுதும் எல்லோரும் ஒருமுறையாவது இதைச் செய்திருப்பார்கள்:

```
இஃப் இன்ட்(ஆர்என்டி * 6) + 1 = 1 தென்
    பிரிண்ட் "ஒன்று"
எல்ஸ்இஃப் இன்ட்(ஆர்என்டி * 6) + 1 = 2 தென்
    பிரிண்ட் "இரண்டு"
```

இப்படியே ஆறு வரை. ஆர்என்டி ஒவ்வொரு முறையும் ஒரு புதிய தற்செயல் எண்ணைத் தரும். பார்க்க ஒரு பகடையை ஆறு எண்ணோடு ஒப்பிடுவது போல இருக்கிறது. நடப்பது வேறு: ஒவ்வொரு படியிலும் பகடை புதிதாக உருட்டப்படுகிறது. முதல் உருட்டலில் 4 விழுந்தால் அந்த 4-ஐ யாரும் பார்ப்பதில்லை. ஆறு படியிலும் எதுவும் பொருந்தாமல் போகும் வாய்ப்பு 5/6-ஐ ஆறு முறை பெருக்கினால் வருவது, சுமார் 0.33. மூன்றில் ஒரு முறை பகடை ஒன்றுமே சொல்லாது. மாறியில் ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டு அதை ஒப்பிட்டால் சரியாகிவிடும், அல்லது செலக்ட் கேஸுக்குப் போகலாம்.

கமடோர் 64-ன் பேசிக்கில் எல்ஸ் என்பதே கிடையாது. ஜி.டபிள்யூ. பேசிக்கில் எல்ஸ் உண்டு, ஆனால் ஒரே வரிக்குள் முடிக்க வேண்டும். பழைய கணினிகளில் விளையாடுகிறவர்கள் ஏணிக்குப் பதிலாகக் கோடூ போட்டுத் தாண்ட வேண்டியிருக்கும்.

ஏணியை ஒரே வரியில் சுருக்க ஐஇஃப் என்ற ஃபங்ஷனைச் சிலர் எடுப்பார்கள்: நிபந்தனை மெய்யானால் முதல் விடை, இல்லையென்றால் இரண்டாவது. வி.பி.ஏ.வில் `ஐஇஃப்(ஆ = 0, 0, அ / ஆ)` என்று எழுதினால், ஆ 0 ஆக இருக்கும்போதும் அ / ஆ கணக்கிடப்பட்டு நிரல் நின்றுவிடும். ஃபங்ஷனுக்குள் நுழையும் முன்பே எல்லாம் கணக்கிடப்படும் என்பதுதான் காரணம். வெறும் எழுத்தையோ எண்ணையோ தேர்ந்தெடுக்க வைத்துக்கொள்ளுங்கள், காவலுக்கு வைக்காதீர்கள்.

## செலக்ட் கேஸ்

இதன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நான் முதன்முதலில் எழுதிய தரம் போடும் நிரல் இப்படி இருந்தது:

```
செலக்ட் கேஸ் ம
    கேஸ் 80 டூ 100: தரம் = "ஏ"
    கேஸ் 60 டூ 79: தரம் = "பி"
    கேஸ் 40 டூ 59: தரம் = "சி"
    கேஸ் 0 டூ 39: தரம் = "தோல்வி"
    கேஸ் எல்ஸ்: தரம் = "தவறான மதிப்பெண்"
எண்ட் செலக்ட்
```

விதிமுறைத் தாளை அப்படியே படித்தது போல இல்லை? இந்த அழகில்தான் மயங்கினேன். முழு எண்களாக இருந்தவரை பிரச்சினை இல்லை. அப்புறம் இரண்டு தேர்வின் சராசரியைக் கொடுத்தபோது ஒருவருக்கு 79.5 வந்தது. 79-க்கு மேல், 80-க்குக் கீழே. எந்தக் கேஸிலும் சேராமல் இடுக்கில் விழுந்து ‘தவறான மதிப்பெண்’ என்று வந்து நின்றது.

உடனே நான் செய்த ‘திருத்தம்’ அதைவிட மோசம். ம-வை முழு எண் மாறியாக மாற்றினேன். விஷுவல் பேசிக் 0.5-ஐ முழு எண்ணாக்கும்போது அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். 79.5 சத்தமில்லாமல் 80 ஆகி ‘ஏ’ வாங்கியது. 39.5 என்பது 40 ஆகித் தேர்ச்சியே பெற்றது. செய்தி வந்தபோதாவது தவறு தெரிந்தது, இப்போது அதுவும் போயிற்று.

டூவை விட்டு இஸ் போட்டால் இந்த இடுக்கு அடைபட்டுவிடும்: `கேஸ் இஸ் >= 80`, `கேஸ் இஸ் >= 60` என்று மேலிருந்து கீழே. முதலில் பொருந்தும் கேஸ் மட்டுமே ஓடும் என்பதால் இது ஏணியேதான், கணக்கு ஒரே முறை ஓடும் என்ற லாபத்தோடு. பகடைக்கு இதுதான் சரியான இடம்.

ஆனால் இஸ் என்ற அந்தச் சின்னச் சொல்லை விட்டுவிட்டால்?

```
செலக்ட் கேஸ் ம
    கேஸ் ம >= 80: தரம் = "ஏ"
```

கம்பைலர் வாயைத் திறக்காது. ம 95 என்றால் `ம >= 80` என்பது -1. செலக்ட் கேஸ் இப்போது கேட்பது: 95 = -1? இல்லை. அடுத்த கேஸ். சரி, யாருக்குத்தான் ‘ஏ’ கிடைக்கும்? 0 வாங்கியவருக்கு! அவருக்கு `ம >= 80` என்பது 0, அவர் மதிப்பெண்ணும் 0, 0 = 0, பொருந்திவிட்டது. வகுப்பில் ஒன்றுமே எழுதாமல் தாளைக் கொடுத்தவர் மட்டும் முதல் தரம்.

டூவில் சின்ன எண் முதலில் வர வேண்டும். `கேஸ் 79 டூ 60` எதற்கும் பொருந்தாது, பழைய பேசிக்குகளிலும் வி.பி.ஏ.விலும் புகாரும் வராது.

எழுத்துகளுக்கும் டூ போடலாம், அதில் ஒரு சறுக்கல். வி.பி.டாட்நெட்டில் உயிரெழுத்தில் தொடங்கும் பெயர்களைப் பிரிக்க `கேஸ் "அ" டூ "ஔ"` என்று எழுதினால் ‘அம்மா’ உள்ளே வரும், ‘ஊஞ்சல்’ வரும், ‘ஔவை’ வராது. ‘ஔ’வில் தொடங்கி அதற்கு மேலும் எழுத்து இருப்பதால் ‘ஔவை’ ‘ஔ’வை விடப் பெரியது. முதல் எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒப்பிடுங்கள்.

இதன் நல்ல இடம் எது என்றால், எண்ணிக்கை தெரிந்த தனித்தனி மதிப்புகள்: மெனுவில் 1, 2, 3, அழுத்திய விசை, மாதத்தின் எண். `கேஸ் 4, 6, 9, 11` என்று 30 நாள் மாதங்களை ஒரே வரியில் சொல்லிவிடலாம். இந்த வேலைக்கு ஏணி போட்டால் பார்க்கவே பாவமாக இருக்கும்.

## ஒப்பீட்டையே கணக்கில் சேர்ப்பது

```
நிலை = -(ம >= 40) - (ம >= 60) - (ம >= 80)
```

இஃப் ஒன்றுகூட இல்லை. ம 65 என்றால் முதல் இரண்டும் -1, மூன்றாவது 0. கழித்தலுக்குள் கழித்தல் கூட்டலாகி நிலை 2. தோல்வி 0, ‘சி’ 1, ‘பி’ 2, ‘ஏ’ 3. எல்லை ஒவ்வொன்றும் ஒரே முறை, இடுக்கு இல்லை, வரிசையை மாற்றினாலும் கவலை இல்லை. தாளில் பார்த்தால் மதிப்பெண் அட்டையில் இதற்குத்தான் முதலிடம்.

எல்ஸ் இல்லாத காலத்தில் இது வித்தை காட்டுவதற்காக வந்ததல்ல, பிழைப்பு. விளையாட்டில் பாத்திரத்தை நகர்த்த `எக்ஸ் = எக்ஸ் + (விசை = இடம்) - (விசை = வலம்)` என்ற ஒரே வரி போதும். இட விசை அழுத்தினால் -1 கூடி இடப்பக்கம் நகரும், வல விசைக்கு எதிர்ப்பக்கம், இரண்டும் இல்லையென்றால் அசையாது. இன்றும் எனக்குப் பிடித்த வரி. மூன்று பக்கமாகப் பிரிய `ஆன் எஸ்ஜிஎன்(வித்தியாசம்) + 2 கோடூ 100, 200, 300` என்பதும் அதே காலத்துச் சரக்கு. எஸ்ஜிஎன் எண்ணின் குறியைப் பார்த்து -1, 0, 1 தரும், 2 கூட்டினால் 1, 2, 3.

விலை, இடம் மாறும்போது தெரியும். ஆப்பிள்சாஃப்ட்டில் மெய் 1 என்பதால் மேலே உள்ள நிலை 2-க்குப் பதிலாக -2 ஆகும், பாத்திரம் எதிர்த்திசையில் ஓடும். அவ்வளவு தூரம் போக வேண்டாம், எக்செல் ஒன்றுக்குள்ளேயே இரண்டு கணக்கு: தாளின் கட்டத்தில் மெய்யை 1-ஆல் பெருக்கினால் 1, அதே கோப்பின் வி.பி.ஏ.வில் பெருக்கினால் -1. வி.பி.டாட்நெட்டில் முழு எண்ணாக மாற்றும் சிஇன்ட் மெய்யை -1 என்கிறது, கன்வர்ட் டூஇன்ட்32 அதையே 1 என்கிறது. ஒவ்வொரு ஒப்பீட்டையும், கழித்தல் குறியை நீக்கும் ஏபிஎஸ் போட்டுச் சுற்றினால் எங்கும் 1 ஆகிவிடும், ஆனால் அப்போது பாதி அழகு போய்விடுகிறது.

விஷுவல் பேசிக்கில் இதன் தூரத்து உறவு ஒன்று: `இஃப் இன்ஸ்டர்(வரி, சொல்) = ட்ரூ தென்`. சொல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை இன்ஸ்டர் 1, 2, 3 என்று சொல்லும். ட்ரூ என்பதோ -1. இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. `> 0` என்று கேளுங்கள்.

நீங்கள் மட்டும் படிக்கப்போகும், ஒரே பேசிக்கில் ஓடப்போகும் சின்ன விளையாட்டு நிரலுக்குத் தாராளமாக எடுங்கள். பிறர் கைக்குப் போகும் நிரலில் வேண்டாம்.

## எல்லைகளைப் பட்டியலில் வைப்பது

```
டேட்டா 80, "ஏ", 60, "பி", 40, "சி"
...
தரம் = "தோல்வி"
ஃபார் இ = 1 டூ 3
    இஃப் ம >= எல்லை(இ) தென்
        தரம் = பெயர்(இ)
        எக்ஸிட் ஃபார்
    எண்ட் இஃப்
நெக்ஸ்ட் இ
```

டேட்டா வரியில் உள்ளவற்றை எல்லை, பெயர் என்ற இரண்டு அர்ரேயில் படித்து வைப்பது புள்ளி வைத்த இடத்தில். இங்கே ஒப்பீட்டுக் குறியே ஒன்றுதான். ‘80-ம் அதற்கு மேலும்’ என்பது நாளைக்கு ‘80-க்கு மேல்’ ஆனால், >= என்பதை > ஆக்கினால் முடிந்தது, எல்லா எல்லைக்கும் சேர்த்து. எல்லை எண்கள் மாறினால் நிரலைத் தொடவே வேண்டாம், டேட்டா வரியைத் திருத்தினால் போதும்.

பட்டியல் பெரியதிலிருந்து சிறியதாக இருக்கிறதா என்பதை யாரும் சோதிப்பதில்லை. வேறொருவர் 70-ஐக் கடைசியில் சேர்த்துவிட்டால் அது செத்த வரி, ஏனென்றால் 70-க்கு மேற்பட்ட எல்லாம் 60-லேயே சிக்கிவிடும். ஃபாரின் 3-ஐ 4 ஆக்க மறப்பதும் உண்டு. மூன்றே எல்லைக்கு இத்தனை ஏற்பாடு கொஞ்சம் அதிகம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஐந்தைத் தாண்டினாலோ, எல்லைகள் அடிக்கடி மாறினாலோ நான் யோசிப்பதே இல்லை, இதுதான்.

## எந்த வழியானாலும் தப்பாதவை

தசமம் வந்துவிட்டால் = குறியைத் தள்ளி வையுங்கள். 0.1-ஐ டபுள் (தசம எண்ணை வைக்கும் வகை) மாறியில் பத்து முறை கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 வரும். 0.1 இருமத்தில் முடிவில்லாமல் நீளும் பின்னம், கணினி அதை வெட்டித்தான் வைத்துக்கொள்கிறது. ‘1 ஆனதும் நிறுத்து’ என்ற சுழற்சி நிற்கவே நிற்காது. >= போட்டால் நிற்கும், ஆனால் ஒரு சுற்று கூடுதலாக ஓடி 1.1-ஐ ஒட்டி நிற்கும். சராசரி மதிப்பெண்ணை நான் பத்தால் பெருக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்கிறேன்: 79.5 என்பது 795, எல்லை 800. பணக் கணக்கென்றால் வி.பி.ஏ.வில் கரன்சி வகை இருக்கிறது. அது நான்கு தசம இடம் வரை முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளும்.

எழுத்தாக வந்த எண்ணை எண்ணாக மாற்றாமல் ஒப்பிட்டால் "10" < "9" என்பது மெய். முதல் எழுத்தைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதிவிடும். தமிழ்ப் பெயர்களை < போட்டு வரிசைப்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று: யூனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, அகராதியில் அது கடைசி மெய். அதனால் வி.பி.டாட்நெட்டின் வழக்கமான ஒப்பீட்டில் ‘மனம்’ ‘மரம்’ என்பதற்கு முன்னால் வரும். அகராதியில் மரம்தான் முதலில்.

வி.பி.ஏ.வில் தரவுத்தளத்திலிருந்து வரும் ‘நல்’ என்பதை (மதிப்பே இல்லை என்று காட்டும் குறி) = போட்டும் பிடிக்க முடியாது, <> போட்டும் பிடிக்க முடியாது. எந்த ஒப்பீட்டுக்கும் விடை நல்தான், இஃப் அதைப் பொய்யாக எடுத்துக்கொள்கிறது. இஸ்நல் என்றுதான் கேட்க வேண்டும்.

## கடைசியில் நான் எடுத்தது

என் தரம் போடும் நிரலில் இப்போது இருப்பது எல்லைப் பட்டியல். முதலில் ஏணிதான் போட்டேன். பாடத்துக்குப் பாடம் எல்லை வேறாக வேண்டும் என்று கேட்டபோது பட்டியலுக்கு மாறினேன். மெனு மட்டும் செலக்ட் கேஸில் இருக்கிறது, அதுதான் அதற்கு இடம்.

எந்த வழியை எடுத்தாலும் ஓட்டிப் பார்க்க ஒரு துண்டுச்சீட்டு வைத்திருக்கிறேன்: -1, 0, 39, 39.5, 40, 59.5, 60, 79, 79.5, 80, 100, 101. ஏணியும் பட்டியலும் 101-க்கு ‘ஏ’ போட்டுவிடும், -1-க்குத் தோல்வி. இருக்க முடியாத மதிப்பெண்ணைப் பிடிக்கும் குணம் என் பழைய டூ நிரலுக்கு மட்டும் இருந்தது. அதனால் உள்ளே வரும் இடத்திலேயே `இஃப் ம < 0 ஆர் ம > 100 தென்` என்று தனி இஃப் ஒன்றை நிறுத்தியிருக்கிறேன். பழைய நிரலுக்கும் அதே சீட்டைக் கொடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு எண்ணில் ஐந்து ‘தவறான மதிப்பெண்’. அதில் உண்மையிலேயே தவறானவை இரண்டு, மீதி மூன்றும் அரை மதிப்பெண்ணில் நின்றவர்கள்.